பதிவேட்டில் ஏறாத பழுதுகள்

“பழுது இல்லை.” எங்கள் தேங்காய் எண்ணெய் ஆலையின் பழுதுப் பதிவேட்டில் அந்த ஜூலை மாதம் முழுவதும் இந்த இரண்டு சொற்கள்தான். கீழே ஃபிட்டரின் கையெழுத்து. வள்ளியூர்ப் பக்கத்து மனிதர். பெல்ட் தளர்ந்தாலும் பேரிங் சூடேறினாலும் தேநீர் இடைவேளைக்குள் சரிசெய்துவிட்டால் பதிவேட்டில் ஏற்றமாட்டார். ஷிப்டுக்கு நடுவில் நின்றால்தான் அவருக்குப் பழுது.

நான் செலவுக் கணக்கு பார்த்தேன். அதிர்வை அளக்கும் கருவிகள் வாங்கிப் பராமரிப்பை மேம்படுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று தம்பானூரிலிருந்த தலைமை அலுவலகம் கேட்டது. இயந்திரம் நின்ற மணிநேரத்தை வைத்துத்தான் அதை மதிப்பிட முடியும். பதிவேட்டிலோ நின்ற மணிநேரமே இல்லை.

பதியாத வேலைகளை எழுதித் தரச் சொன்னேன். அவரால் ஆலைக்கு எவ்வளவு மிச்சம் என்று காட்டுவேன், டிசம்பரில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அது உதவும் என்றேன். அவர் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதினா நம்ம தலையில விழாதுல்லா சாரே?”

“விழாது அண்ணாச்சி.”

நான்கு தாள் எழுதி வந்தார். தேதி, மணி, மாற்றிய உதிரிபாகம் எல்லாம் இருந்தன. நானே அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கமாட்டேன்.

என் டைரிப்படி பராமரிப்புக் கூட்டம் புதன்கிழமை. என்னிடமிருந்து வாங்கிய நான்கு தாளையும் மேனேஜர் உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி ஃபிட்டரைப் பார்த்தார். சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள்.

“இத்தனை பழுதையும் ஒளிச்சு வெச்சு, மாசாமாசம் சம்பளமும் வாங்கி. அண்ணாச்சி ஆள் கொள்ளாமல்லோ, பலே ஆளுதான்,” என்றார் மேனேஜர், மலையாளம் கலந்து.

“சார் கேட்டுத்தான் எழுதினேன்,” என்று ஃபிட்டர் என் பக்கம் திரும்பினார்.

விவரம் கேட்டது நான்தான், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த நான்கு தாளிலிருந்தே மிச்சத்தைக் கணக்கிட்டேன். அவர் காப்பாற்றிய மணிநேரமெல்லாம் இனி கருவிகள் காப்பாற்றப்போகும் மணிநேரமாயின. மிச்சப் பட்டியலின் கடைசி வரியில் “ஃபிட்டர் ஒருவரின் சம்பளம்” என்று மேனேஜர் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். மதிப்பீடு ஒரே வாரத்தில் அங்கீகாரமானது.

டிசம்பரில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் ஒன்றைப் பற்றி எழுதினார்: “மூன்றாம் எக்ஸ்பெல்லர், கியர் பக்கத்துப் பேரிங், சத்தம் மாறியிருக்கிறது.” யாரும் திறந்து பார்க்கவில்லை. கருவிகள் வந்து சேர்ந்திருக்கவில்லை.

பிப்ரவரியில் மூன்றாம் எக்ஸ்பெல்லர் ஒன்பது நாள் நின்றது. பேரிங் உடைந்தது என்று பதிவேடு சொல்கிறது. எந்தப் பக்கத்துப் பேரிங் என்று அதில் இல்லை. உடைந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவர் சொன்ன அதே பேரிங்தானா என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை.