பெரியப்பாவின் பர்ஸைக் காத்த அத்தை

வளர்மதி அத்தை இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, காட்டு வழியே போர்ட் பிளேருக்குக் காவலோடு சேர்ந்து போகும் வண்டிகளின் கடைசி கான்வாய் கிளம்பிவிட்டிருந்தது. பாராடாங்கில் எங்கள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியபடி அப்பா அப்படியே நின்றார். "அக்கா போயிட்டாங்க" என்றார். அடுத்து அவர் கேட்டது, "அண்ணன்கூட இப்ப யாரு இருக்கா?" என்பதுதான்.

போர்ட் பிளேரின் ஹேடோவில் அத்தையோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைக் கண்டிப்பான கிளார்க்காகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் இரண்டு பர்ஸ் வைத்திருந்த அத்தை. நீலம் அவருடையது. பழுப்பு, செல்லையா பெரியப்பாவுடையது. கப்பலில் சரக்கு இறக்கும்போது தவறி விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, பெரியப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு பேச்சு: "லே லோ." இந்தியில், எடுத்துக்கொள். யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார். அவருடைய இழப்பீட்டுப் பணத்துக்கும் பென்ஷனுக்கும் சட்டப்படி பாதுகாவலர் அத்தை.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வரும்போது, படகுத்துறையில் தனக்கு வாங்கிய சமோசாவுக்குப் பழுப்புப் பர்ஸிலிருந்து பணம் கொடுத்துவிட்டார். படகு பாதி வழி வந்ததும்தான் அது நினைவுக்கு வந்தது. பதறிப்போய் நீலத்திலிருந்து இருபது ரூபாயை எடுத்துப் பழுப்பில் வைத்தார்.

"லே லோ, லே லோ" என்றார் பெரியப்பா.

"சும்மா இருங்கண்ணே! உங்களாலதான் நான் திருடி ஆயிடுவேன்போல."

படகில் இருந்த எல்லோரும் சிரித்ததாக அத்தையே வந்து சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்காத ஒரு நாளும் உண்டு. அப்பாவுக்கு ஒரு பிக்கப் வண்டி வாங்க ஆசை. பெரியப்பாவின் டெபாசிட்டை எடுப்பதற்கான படிவத்தை என்னிடம் தந்தார். நான் ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அத்தையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஹேடோ குவார்ட்டர்ஸுக்குப் போனோம்.

"அண்ணே, உங்க டெபாசிட்டை எடுத்துக்கவா?" என்று கேட்டார் அப்பா.

"லே லோ."

"பாத்தியாக்கா? அவரே சொல்லிட்டாரு."

அத்தை ஜன்னலைக் காட்டினார். "அண்ணே, உங்க சட்டையை அந்தக் காக்காவுக்குக் குடுத்துரலாமா?"

"லே லோ."

அப்பாவின் முகம் சுருங்கியது. "அரே அக்கா, என்னை நம்பலையா நீ?"

"நம்புறேன் தம்பி. வண்டி நஷ்டமாச்சுன்னா? நானும் இல்லாமப் போயிட்டா இவரு எதை வச்சுச் சாப்பிடுவாரு? இல்லைன்னு சொல்ல இவருக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை இவருக்காக நான் வச்சிருக்கேன்."

அப்பா படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியேறினார். தரையில் கிடந்ததெல்லாம் நான் எழுதிய எழுத்து. அத்தை அதை ஒரு துண்டுவிடாமல் பொறுக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு பல மாதங்கள் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

நோய் முற்றியபோது, தனக்குப் பின் பெரியப்பாவுக்குப் பாதுகாவலராக அத்தை எழுதிக் கொடுத்த பெயர் அப்பாவுடையது. சொந்தக்காரர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். அத்தை சொன்னது இவ்வளவுதான்: "கோபத்துலதான் போனான். ஆனா பேப்பரை அவனே கிழிச்சுட்டுப் போனான். எனக்கு அது போதும்."

இப்போது பெரியப்பா எங்களோடு பாராடாங்கில் இருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பெரியப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீடு கட்டக் கொஞ்சம் பணம் வேண்டுமாம்.

"லே லோ" என்றார் பெரியப்பா, அதே சிரிப்போடு.

வந்தவர் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பாவின் கை, பழுப்புப் பர்ஸ் இருந்த சட்டைப்பையின்மேல் போனது.

"இல்லை" என்றார்.

அத்தையின் நீலப் பர்ஸை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைவிடப் பத்திரமாக நான் வைத்திருப்பது, அப்பாவின் குரலில் அன்று கேட்ட அத்தையின் அந்த வார்த்தையை.