இரண்டு தர்மபுரி

தர்மபுரியை ஒட்டிய அதியமான்கோட்டையில் மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு தொழிலுக்கென்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். கம்ப்யூட்டர் தெரிந்த தோழி சுமதி, "ஜனங்க நெட்ல என்ன போட்டுத் தேடுவாங்களோ, அதையே அடிக்கடி எழுதுடி" என்றாள். 'தர்மபுரி பிரைடல் மேக்கப்' என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் பக்கம் முழுக்க நிரப்பினேன். எங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. எங்கள் வீட்டிலும் அதுதான்.

ஒருநாள் ஓர் அம்மா தெலுங்கில் அழைத்து, மகளுக்குத் தர்மபுரியில் கல்யாணம் என்றார். சந்தேகமே வரவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மண்டபத்துக்கு வழி கேட்டேன். கோதாவரிக் கரையில் இருக்கிறது என்றார். நான் அதைத் திருப்பிச் சொன்னதும், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், "கோதாவரி எங்க, நம்மூரு எங்க? எந்த தர்மபுரின்னு கேளு" என்றார்.

தெலங்கானாவிலும் ஒரு தர்மபுரி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் இருப்பது தமிழ்நாட்டுத் தர்மபுரி என்று சொன்னேன். அந்த அம்மா, "வேற யாரையும் சொல்லி வைக்கலியேம்மா" என்றார். மாலை வரை தேடி, அந்த ஊர்ப் பக்கம் இதே தொழில் செய்யும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போது என் பக்கத்தின் முதல் வரியே 'அதியமான்கோட்டை, தமிழ்நாடு' என்றுதான் இருக்கிறது. அழைப்புகள் குறைந்துவிட்டன. ஆனால் அழைப்பவர்கள் என் ஸ்கூட்டர் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கிறார்கள். அப்படியும், யார் பேசினாலும் தேதிக்கு முன்னால் மாநிலத்தைக் கேட்டுவிடுகிறேன்.