புளிக் கையோடு படித்த சிரிப்புப் புத்தகம்

சிரிப்புப் புத்தகம் படித்துவிட்டு அழுத ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேருக்குப் பூக்கொல்லை, மீதிப் பேருக்கு வெளிநாடு. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. கொல்லையை அம்மாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டார்கள், அப்பா குவைத்தில் இருந்தார். ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார். நாங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பாவின் தங்கையான என் அத்தை மட்டும் ஒரு படி மேலே போய் மேனேஜர் என்பாள்.

அப்பா ஊரில் இருந்த காலத்தில் அவர் தண்ணீர் குடிப்பதே பெரிய ஏற்பாடு. சொம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனாலும் கொல்லையில் பூப்பறிக்கிற அம்மாவுக்குக் குரல் போகும். அவள் வந்து எடுத்துக் கொடுத்தால்தான் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும். சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே இருக்கும். தீப்பெட்டி வேண்டுமென்றால்கூட அடுப்படி வாசலில் நின்று கையைத்தான் நீட்டுவார், காலை உள்ளே வைக்க மாட்டார். இதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். அப்படி ஒரு அப்பா எனக்கு இருப்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். சட்டைக்கு மேலே டை கட்டியிருப்பார். பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் காலண்டரும் தெரியும். ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே சுருட்டை முடிப் பையன் ஒருவன் உள்ளே ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கையில் ஒரு கரண்டி இருந்தது. முதலாளி மகன், ஆபீசுக்கு விளையாட வருவான் என்று அப்பா சொல்லிவிட்டு அவசரமாக போனை வைத்தார். ஆபீசில் கரண்டி எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

அறந்தாங்கிப் பக்கத்தில் மேடை நகைச்சுவைக்காரர் ஒருவர் இருந்தார். டிவியில் வந்து கொஞ்சம் பெயர் எடுத்த பிறகு வெளிநாட்டுத் தமிழர்கள் கூப்பிட்டு நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார்கள். குவைத்துக்குப் போனவர் நம் பக்கத்து ஆள் என்று அப்பாவோடு ஒட்டிக்கொண்டாராம். அப்பாவின் அறைக்கே வந்து சாப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் மந்திரியே வீட்டுக்கு வந்துபோன மிடுக்கு இருந்தது. அவர் இப்போது சிரிப்புக் கட்டுரைகளாக எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறார், என்னைப் பற்றியும் பெருமையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தார், எல்லாரும் வாங்கிப் படியுங்கள் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா புதுக்கோட்டைக்குப் போனபோது அங்கே புத்தகக் கண்காட்சியில் வாங்கிவந்தார். அட்டையில் அந்த ஆள் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அன்று புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஆலங்குடியிலிருந்து வந்திருந்தாள். அம்மாவும் அத்தையும் சித்தியும் வாசல் கொட்டகையில் சுற்றி உட்கார்ந்து, கொட்டையை எடுத்து எடுத்துச் சுளையைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கரண்டு இல்லை, அதனால் டிவியும் இல்லை. அத்தைதான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பள்ளியில் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு கட்டுரைகளும் நன்றாகப் போயின. பல் பிடுங்கப் போய் வேறு பல்லைப் பறிகொடுத்தது ஒன்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது ஒன்று. மூன்றாவது, வீட்டில் புலியாக இருந்த ஒரு மனிதரைப் பற்றியது. தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் இருக்கப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஆள். அந்த இடத்தைப் படித்ததுமே அத்தைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தன் வீட்டுக்காரரை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்றாள். சித்தி, இல்லை இல்லை, இது சித்தப்பாவேதான் என்றாள். அம்மா புளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புலி அரபு நாட்டுக்குப் போகிறது. போய் ஒரு வீட்டில் சமையல்காரராகிறது. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறது, வெங்காயம் உரித்து அழுகிறது, பத்துப் பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறது. வீட்டம்மா துணி மடித்து வைக்கச் சொன்னால் அதையும் செய்கிறது. ஊருக்கு மட்டும் ஆபீசில் வேலை என்று சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆனால் சரக்கு அறைக்குள் போய்க் கைலிக்கு மேலே சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு, காலண்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டோடு பேசுகிறது. ஒருநாள் அந்த வீட்டுக் குழந்தை கரண்டியோடு ஓடிவந்து முட்டை கேட்கிறது. ஆபீஸ் பையன் ஃபைல் கேட்கிறான் என்று சமாளிக்கிறது புலி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் மட்டும் அது பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்டியையும் பார்த்திருக்கிறேன். அத்தை கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆலங்குடியில் இருப்பவள், அந்த வீடியோ காலையெல்லாம் பார்த்ததில்லை. சித்தியும் அன்று பக்கத்தில் இல்லை. சொந்த அண்ணனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று தெரியாமல் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

என் கண் அடுத்த வரிக்கு ஓடியது. புலியின் அடையாளம் அதில் இருந்தது. இடது கைச் சுண்டுவிரலில் நுனி கிடையாது, ஊரில் கொல்லை மோட்டார் பெல்ட்டில் போய்விட்டது, அந்த மொட்டை விரலை ஆட்டி ஆட்டித்தான் உப்புப் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு விரல் போன அன்று அத்தைதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இந்த ஒரு வரியை நான் படித்தால் எல்லாம் முடிந்தது. இன்று அத்தை, நாளை ஆலங்குடி, அதற்கு மறுநாள் எங்கள் ஊர் முழுக்க. நான் நிறுத்திவிட்டேன்.

அத்தை படிக்கச் சொன்னாள். நான் புத்தகத்தை மடியோடு அழுத்திக்கொண்டேன். என்னாச்சு பிள்ளைக்கு என்று சித்தி எட்டிப் பார்த்தாள். அப்போது அம்மா எழுந்து வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. புளி அப்பிய விரல்களோடு புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“கொண்டா இங்கிட்டு. அதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நான் படிக்கிறேன்.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா எட்டாவதுவரை படித்தவள். பஸ் போர்டும் கல்யாணப் பத்திரிகையும் தவிர அவள் எதையும் படித்து நான் கேட்டதில்லை. அவளோ தங்கு தடையில்லாமல் படிக்க ஆரம்பித்தாள். புலிக்குச் சொந்த ஊர் மணமேல்குடிப் பக்கம் கடற்கரை. ஆறடி உயரம், தலையில் முடியே கிடையாது. மீன் குழம்பு கூட்டத் தெரியாமல் கடலையே கலக்கிக் கொதிக்க வைத்தது மாதிரி ஒன்றை வைத்தாராம். அதைச் சாப்பிட்ட அரபுக்காரர் ஒட்டகத்தில் ஏறி ஓடியேவிட்டாராம். வழுக்கைத் தலையில் மாவு ஒட்டிக்கொள்ள, அதைப் பார்த்த குழந்தைகள் ரம்ஜான் பிறை தெரிந்துவிட்டது என்று கூத்தாடினார்களாம்.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் பார்த்தேன். அதில் மணமேல்குடி இல்லை. வழுக்கை இல்லை. ஒட்டகமும் இல்லை. அப்பாவின் மொட்டை விரல்தான் அச்சில் இருந்தது. அம்மா அந்த வரியின் மேலேயே புளிப் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, இல்லாததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு மூச்சு வாங்கியது. முன்னால் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் புத்தகத்திலேயே உசத்தி என்றாள். அம்மாவும் சிரித்தாள், அத்தையை விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு ஆள் அப்பாவைக் கேலி செய்து எழுதியது போதாதென்று, இவளும் சேர்ந்து வழுக்கையும் ஒட்டகமும் வைத்துக் கேலி செய்கிறாளே என்று இருந்தது. கிணற்றடிக்குப் போய் அழுதேன். அப்பா தட்டுக் கழுவுகிறார் என்பதற்காக அழுதேனா, அம்மா சிரித்ததற்காக அழுதேனா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் பல நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் அப்பா லீவில் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, புத்தகத்தைத்தான் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். புளி காய்ந்து அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று பலகைபோல ஒட்டிப்போயிருந்தன. நகத்தால் பிரித்துப் பார்த்தார். காகிதம் கிழிந்து எழுத்தெல்லாம் உரிந்து வந்தது.

“இதுல என்னயப் பத்தி எழுதியிருந்தானா?”

அவர் என்னைத்தான் கேட்டார். அம்மா வாசலில் பூவை உதறிக்கொண்டே பதில் சொன்னாள். புத்தகத்தை முழுக்கப் படித்தாகிவிட்டது, எல்லாம் யார் யாரோ, அதில் ஒருத்தன் மணமேல்குடிக்காரன், நம் வீட்டு ஆள் யாரும் இல்லை என்றாள். அப்பா பெருமூச்சு விட்டார். நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சம் இரண்டும் இருந்திருக்கும்.

மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆவுடையார்கோவிலுக்குக் கிளம்பினாள். சோறு மட்டும் வடித்து வைத்திருந்தாள். குழம்பு வைக்க நேரமில்லை, கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிற மனிதரை இப்படியா விட்டுவிட்டுப் போவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

மதியம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுச் சட்டியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இருந்தது. சூடாக இருந்தது. அப்பா கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுக்கடை வந்திருக்கிறது, அங்கே வாங்கினேன் என்றார். அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். நானும் வைத்தேன். அப்படியொரு குழம்பை அதுவரை நான் சாப்பிட்டதில்லை. நாக்கு நம்பவே மறுத்தது. அம்மா இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டாள், இன்னும் கொஞ்சம் குழம்பும் ஊற்றிக்கொண்டாள்.

“நல்லாருக்குங்க. நாளைக்கும் அந்தக் கடையிலயே வாங்கிருங்க. எனக்குக் கொல்லையில வேல கெடக்கு.”

அந்த லீவு முழுக்க இதே கதைதான். அம்மாவுக்குத் திடீர் திடீரென்று கோவில் வந்தது, கொல்லையில் களை வந்தது, ஆலங்குடியில் அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் வந்தது. வீடு திரும்பினால் ஒவ்வொரு நாளும் ஒரு குழம்பு. ஒருநாள் கறிகூட இருந்தது. அப்பாவை வேலை வாங்கிப் பழிதீர்க்கிறாள் என்றே நினைத்தேன். அப்பா அங்கே சமையல்காரர் என்பது புத்தகம் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும் என்பதை நான் வேலைக்குப் போன பிறகு அவளே ஒருநாள் சொன்னாள். அடுப்படி வாசலைத் தாண்டாத மனிதர், ஒருநாள் போனில், வெந்தயத்தை முதலில் போட்டால் கருகிவிடும், தாளிப்பில் கடைசியாகப் போடு என்று சொல்லிவிட்டாராம். அன்றே புரிந்துவிட்டதாம். புரிந்ததை வைத்துக்கொண்டு, என்ன குழம்பு வைத்தாய் என்று அவர் கேட்கிறபோதெல்லாம் வேண்டுமென்றே ஏதாவது தப்பாகச் சொல்வாளாம். அவர் திருத்துவதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்ததாம்.

அப்பா திரும்பிப் போகிற நாள் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்து வாசலில் நின்றது. சித்தப்பா ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லிருங்க. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து எனக்கு ஒருத்தரும் ஆக்கிப் போட்டதில்ல. அவருதான் போட்டாரு.”

அப்பா நிமிரவில்லை.

“சொல்லிர்றேன்” என்றார்.

ஜிப் மூடியாகிவிட்டது. ஆனாலும் அவர் குனிந்தபடியே பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவும் நகரவில்லை. இரண்டு பெரியவர்கள் மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு இப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெட்டியை மூட இவ்வளவு நேரமா, பிளேன் போய்விடப் போகிறது என்று வாசலில் நின்று அவரை அவசரப்படுத்தியவள் நான்தான்.