இரண்டு நாகம்மாக்கள்

நயினாதீவுப் படகுத்துறை வேலைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். பயணிகளோடு வந்த எங்கள் வள்ளம் மணல்திட்டில் ஏறி, உள்ளே தண்ணீர் புகுந்தது. மீனவர்கள் தோணியில் ஆட்களைக் கரைசேர்த்தார்கள். பயணிகள் பட்டியலைப் பார்த்து எண்ணும் வேலை எனக்கு. இருபத்தெட்டு வரிகளில் ‘நாகம்மா’ இரண்டு முறை இருந்தது. தவறுதலாக எழுதியிருப்பார்கள் என்று ஒன்றைக் கோடு போட்டு வெட்டினேன். கரையில் இருபத்தேழு பேர்.

“எல்லாரும் வந்திட்டினம்” என்றேன்.

கரையில் காத்திருந்த ஒருவர் ஓடிவந்தார். “தம்பி, என்ர மனுசி நாகம்மா எங்கை?”

அருகில் நின்ற நாகம்மாவைக் காட்டினேன்.

“இவவும் நாகம்மாதான். என்ர நாகம்மா இல்லை!”

நாகபூசணி அம்மன் கோயில் கொண்ட இந்த ஊரில், அவள் பெயரில் வீட்டுக்கொரு நாகம்மா இருப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

தோணி திரும்பப் போய், வள்ளத்துக்குள் மயங்கிக் கிடந்தவளைக் கொண்டுவந்தது.

“ஆரோ என்னை மறந்துபோட்டினம்” என்றாள், கண் விழித்ததும்.

பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவள் பெயரின்மேல் நான் போட்ட கோட்டை இன்றுவரை எவருக்கும் காட்டவில்லை.