சாயம் ஏறிச்சா?

ஆரணியில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. தூத்துக்குடிப் பக்கம் கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறைகளையும் மீன்களையும் கணக்கெடுக்கிறேன் என்றால், "மீன் எண்றதுக்கா அவ்ளோ படிச்ச?" என்பார்கள். ஆமாம், மீன் எண்ணத்தான். விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

வேலை இதுதான். பாறையில் அடித்து வைத்த இரும்பு முளைகளுக்கு நடுவே அளவு நாடாவைக் கட்டுவோம். அதை ஒட்டியே நீந்தி, கீழே எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது, மேலே என்னென்ன மீன் போகிறது என்று குறிப்போம். கோடைக்கு முன் ஒரு முறை, கோடை கழிந்து ஒரு முறை. ஆண்டுதோறும் அதே முளைகள், அதே கற்கள். புது இடம் பார்க்கிற ஆசை இருப்பவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. மற்ற மாதங்களில் ஆரணி வீட்டு மாடியில் உட்கார்ந்து, எடுத்து வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கீழே, வீட்டுக்குப் பின்னால், அண்ணன் பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருப்பான்.

அந்தக் கற்களில் ஒன்று மட்டும் எனக்கு வேண்டியது. கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு உருண்டு திரண்ட பவளம், தேன் நிறம். அதைச் சுற்றியே மஞ்சள் மீன் ஜோடி ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். பவளத்தைக் கொத்தித் தின்கிற இனம் அது. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன், "புருஷனும் பொண்டாட்டியும் ஒரு நாளாவது சண்ட போட்டுகினு தனித்தனியா போவுதா பாரேன்" என்பான். அவன் அதை "நம்ம கல்லு" என்றுதான் சொல்வான். கணக்கெடுக்கிறவள் ஒரு கல்லின்மேல் பாசம் வைக்கக்கூடாது. வைத்துவிட்டேன். அது சாகாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்தக் கடலிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

ஒரு கோடை கழிந்து போனபோது கல் முழுக்க வெளுத்திருந்தது. படத்தோடு வீட்டுக்கு வந்து, யாரிடமும் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேங்கப்பா, இன்னா வெள்ள! பச மொத்தமும் போயிருக்குது. இனிமேதான் சாயம் நல்லா புடிக்கும் பாரு."

சாயம் போடாத கோராப் பட்டு நூல் மங்கலாக, விறைப்பாக வரும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பசை கழன்று வெளுக்கும். அந்த வெள்ளை வந்த பிறகுதான் அண்ணன் சாய அண்டாவில் கை வைப்பான். எங்கள் வீட்டில் வெள்ளை என்றால் நல்ல சேதி. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"அது செத்துகினு இருக்குதுண்ணா. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செடிங்க இருக்கும். கலரும் அதுங்கதான், சோறும் அதுங்கதான். கடல் சூடானதுல எல்லாம் வெளிய போயிடுச்சு. பட்டினி கிடக்குது."

"தண்ணி ஆறினா?"

"திரும்ப வரலாம்."

"அப்போ நான் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அதிலிருந்து நான் கடலுக்குப் போனால் சாயந்தரம் அவன் போன் வந்துவிடும். சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் கிடையாது. "சாயம் ஏறிச்சா?" அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அடுத்த முறையே கல் திட்டுத்திட்டாகத் தேறத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த முறை முழுவதும் தேன் நிறம். அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடலுக்கே சாயம் போட்டவன் என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டான். நானும் உள்ளூரக் கொண்டாடினேன்.

பிறகு அதைவிடக் கொடிய கோடை ஒன்று வந்தது. அது முடிந்து இறங்கியபோது தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. எங்கள் கல்லின்மேல் பச்சையாக ஏதோ கம்பளம்போல் படர்ந்திருந்தது. மஞ்சள் ஜோடி இல்லை. நாடா முடியும்வரை நீந்திப் பார்த்தும் இல்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பலகையில் அந்த மீனுக்கு நேரே பூஜ்யம் போட்டேன். இல்லாததையும் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் பார்க்கத் தவறிவிட்டோம் என்றாகிவிடும். அன்று அண்ணன் போனில் கேட்டதற்கு, "வந்து சொல்றேன்" என்றேன்.

வீட்டில் படத்தைத் திறந்ததும் அவன் கைதட்டினான். "ஏறிடுச்சே! அதுவும் இன்னா பச்ச!"

"அது பாசிண்ணா. உயிர் போனாத்தான் அதுமேல படரும்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கலர் தப்பாப் போனா நாங்க மறுபடி வெளுத்து வேற போடுவோமே. அப்டி எதுனா?"

"முடியாதுண்ணா."

"ஜோடி?"

"காணோம்."

"அப்போ இனிமே அங்க உனக்கு வேலையில்ல."

"இருக்குது. அதே கல்ல மறுபடி மறுபடி போய்ப் பாக்கணும்."

"செத்த வூட்டுக்கு ஒரு வாட்டி போயி துக்கம் கேப்பாங்க" என்றான். "வருசாவருசமா போவாங்க?"

பதில் என்னிடம் இருந்தது. செத்த கல்மேல் புதுப் பவளக் குஞ்சு ஒன்றாவது வந்து ஒட்டுகிறதா, எந்த மீன் திரும்பி வருகிறது என்று பார்க்கத்தான் போகிறோம். ஆனால் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் மறுபடியும் காத்திருக்கத் தொடங்குவான்.

இந்த முறையும் போனேன். அதே முளைகளில் நாடாவைக் கட்டினேன். கல்லின் ஒரு ஓரம் பொரிந்து உதிர்ந்திருந்தது. பாசி தடித்திருந்தது. குஞ்சு எதுவும் ஒட்டவில்லை. மீனுக்கு நேரே மறுபடி பூஜ்யம்.

கரையில் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் வந்தது. சாயம் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வதென்று, எடுப்பதற்குள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"சாப்ட்டியா?" என்றான்.

"சாப்டேண்ணா."

"வெயில் ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"சரி, பாத்து வா" என்று வைத்துவிட்டான்.

எத்தனையோ தடவை என்னை எரிச்சலாக்கிய கேள்வி. இன்னும் ஒரே ஒரு தடவை அவன் அதைக் கேட்டிருக்கலாம். போனைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்து அழுதேன்.