இடப்பக்கத்து பட்டன்

ஓசூரில் நான் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில், தகடு வளைக்கும் இயந்திரத்தில் என் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. காயம் ஆறிய பிறகும் மத்திகிரி வாடகை வீட்டில் சும்மாதான் இருந்தேன். என் மனைவிக்கு மொபைல் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் கம்பெனி பஸ் ஏறிப் போனதும் கதவைச் சாத்திவிடுவேன். வெளியே போனால் இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும்.

டிப்ளமா படித்த காலத்தில், கிருஷ்ணகிரி ஹாஸ்டலில் என் அறை நண்பனிடம் கையடக்க வீடியோ கேம் ஒன்று இருந்தது. அவன் தூங்கும்போதெல்லாம் அதில் கார் ஓட்டுவேன். அதே பழைய மாடல், கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு கடையில் விற்பனைக்கு இருப்பதாகப் போனில் பார்த்தேன். வாங்கலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். போனிலேயே விளையாடலாம். ஆனால் கண்ணாடியில் அழுத்தினேனா இல்லையா என்று விரலுக்குத் தெரிவதில்லை. பட்டன் என்றால் உள்ளே போய் வெளியே வரும். பழைய பொருள் என்பதால் பேட்டரி உப்பியிருக்கலாம் என்ற பயமும் இருந்தது. முப்பது தாண்டியவனுக்கு இது எதற்கு என்ற வெட்கமும் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"வாங்கிக்கோங்க. செவுத்தயே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றாள்.

அவளுடைய வார விடுமுறையில் இருவரும் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டிய சின்னக் கடை. கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். பெட்டியிலிருந்து எடுத்து, கார் பந்தயத்தைப் போட்டுக் கொடுத்தார்.

"ஓட்டிப் பாருங்கண்ணா. பேட்டரி புதுசு."

இரண்டு கையாலும் அதைப் பிடிக்க, இடது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். அவர் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்துக்கொண்டார்.

வலது கை எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருந்தது. இடது கட்டைவிரலும் சரியாகத்தான் திருப்பியது. பிரேக் மட்டும் மேல் விளிம்பில், இடப்பக்கத்து பட்டன். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடம். மோதிர விரலை அங்கே கொண்டுபோனால் பிடி நழுவியது. முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. அடுத்த முறையும் அப்படியே.

"இந்தப் பட்டன வேற பக்கம் மாத்திக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"இதுல முடியாதுக்கா. புது மாடல்ல முடியும். ஆனா அது பெருசு, வெயிட்டு ஜாஸ்தி. ஒரு கையில நிக்காது."

அவள் என் பக்கம் நெருங்கி நின்று, தன் விரலை அந்தப் பட்டன்மேல் வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க. நான் அமுக்கறேன்."

ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் "இப்ப" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார் மோதிவிட்டது. அவள் விடவில்லை.

"பழகப் பழக சரியாயிடும்" என்றாள்.

"நீ ஷிப்டுக்குப் போனப்புறம் யாரு அமுக்குவா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பி, அத்திப்பள்ளிப் பக்கம் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் அசைந்ததால்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அவள் என் எதிரில் அழவில்லை.

கடைக்காரர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"பரவால்லண்ணா. இன்னொரு நாள் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. நான் வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றேன்.

சில வாரங்களில் என் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். வருகிற அட்டைப் பெட்டிகளை ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு ஒரு கை போதும். சுவருக்கு அந்தப் பக்கம் தகட்டின்மேல் பிரஸ் இறங்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு முறையும் தோள் தானாகச் சுருங்குகிறது.