ஜெனிற்றாவின் இரண்டு தட்டு

ஜெனிற்றா பேசமாட்டாள். இருபத்துநாலு வயதாகிறது, வீட்டில் என்ன நடக்கவேண்டும் என்று முடிவெடுப்பவள் என்னவோ அவள்தான். ஓம் என்றால் எதிரில் இருப்பவர் கையில் இரண்டு தட்டு. இல்லையென்றால் எழும்பிப் போய்விடுவாள். வாவிக்கரைக் கடைக்காரர் முதல் ஓட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அது விளங்கும்.

கோவிலுக்குத்தான் விளங்கவில்லை. பத்து வயதில், முதன்முறை நற்கருணை அப்பம் வாங்கப் பழக்கும் முதல்நன்மை வகுப்புக்குப் போனபோது மறைக்கல்வி ரீச்சர் கையை விரித்துவிட்டார்.

"ஆமென் சொல்ல ஏலாத புள்ளைக்கு எப்படிகா நன்மை குடுக்கிற?"

தாய் மெற்றில்டா மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நன்மை வாங்கும் வரிசை முன்னே நகரும். ஜெனிற்றா கடைசி வாங்கில் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களின் மூடிய வாய்களைப் பார்ப்பாள்.

இந்த வருடம் வந்த புதுப் பாதர் தாயைக் கேட்கவில்லை, அவளையே கேட்டார். "உங்களுக்கு வேணுமா மகள்?"

அவர் மணிக்கட்டில் இரண்டு தட்டு.

"இதுதான் ஆமென். மறுகா வேற என்ன வேணும்?" என்றார் பாதர்.

அவளுக்குச் சத்தம் ஆகாது. அதனால் அவள் நன்மை வாங்கும் ஞாயிறன்று மணியில்லை, பாட்டில்லை, கைதட்டலில்லை. கோவில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் பஸ்ரியான் இதை வீடுவீடாகப் போய்ச் சொன்னார். அப்படியும் அவருக்குச் சனத்தில் நம்பிக்கை வரவில்லை. வெள்ளைச் சட்டையோடு ஜெனிற்றா வரிசையின் முன்னே வந்த நேரம் பார்த்து மைக்கைப் பிடித்தார்.

"சகோதரங்களே! ஒருத்தரும் சத்தம் போட ஒண்ணா!"

ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஜெனிற்றா காதுகளைப் பொத்திக்கொண்டு வாசலால் பாய்ந்தாள்.

"சத்தம் போடவேணாமெண்டு நீங்க போட்ட சத்தம் அக்கரைக்கும் கேட்டிருக்கும், அண்ணன்!" என்றாள் மெற்றில்டா. பதினாலு வருடம் காத்திருந்தது இப்படிப் போய்விட்டதே.

வெளியே வாவி தன் பாட்டில் கிடந்தது. வேலியைப் பிடித்தபடி ஜெனிற்றா முன்னும் பின்னும் ஆடினாள். வீட்டுக்குப் போகும் பாதை பக்கத்தில்தான். அவள் அதில் கால் வைக்கவில்லை. உள்ளே யாரோ மின்விசிறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துவது கேட்டது. ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. சனம் இருந்தபடியே வியர்த்தது.

பத்து நிமிடத்தில் அவளாகவே உள்ளே வந்தாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் பாதர், காதோடு சொல்வதுபோல.

இரண்டு தட்டு. வாயை மூடிக்கொண்டு அவளும் வாங்குக்குத் திரும்பினாள்.

பூசை முடிய, மன்னிப்புக் கேட்க எழும்பிய பஸ்ரியானின் கை பழக்கத்தில் மைக்குக்கே போனது. ஜெனிற்றா விறுவிறென்று போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு அவர் கையில் இரண்டு தட்டு: இனிப் பேசலாம்.

"ஓம் கா," என்றார் அவர், மிக மெல்ல.